அனுமதி பெறாத வெப்பம்

கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பழைய பாய்லர், குளிர்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, சாப்பிட்டு முடித்தவர் ஏப்பம் விடுவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோயிற்று. அதன் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கிய, ஜன்னலுக்கடி ரேடியேட்டர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் வெறும் இரும்பாகிவிட்டன. குடியிருப்பு வாரியத்துக்கு முதலில் போன் செய்தவர் மூன்றாம் மாடிக் கண்ணாடிக்காரர். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைக்கிறவர். யார் வம்புக்கும் போகாதவர். வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால், அவருக்கு என்ன அவசரமோ என்று ஒதுங்கி வழிவிடுகிற ரகம். மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். ஒதுங்குகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. அவர்களோடு இருந்தவர் அவளுடைய அப்பா. அதே குடியிருப்பு வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். மனசு இன்னும் பத்து மணிக்கு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போனில் வாரியத்தின் குரல் கேட்டது: "முதல்ல புகார் சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்போ குடியிருப்போர் பிரதிநிதி நீங்கதான். வியாழக்கிழமை கமிட்டிக்கு வந்துடுங்க."

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"கமிட்டிக்கு அதுதான் தகுதி" என்று சொல்லிவிட்டு, குரல் போனை வைத்துவிட்டது. சொன்னவர் கேலியாகச் சொல்லவில்லை.

மாமனாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "மாப்பிள்ளை, கமிட்டின்னா சும்மாவா? நான் சர்வீஸ் பூரா அந்தக் கதவுக்கு வெளியில ஃபைலோட நின்னவன். நீங்க உள்ள உக்காரப் போறீங்க!" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது.

வாரியத்தின் கமிட்டி அறை கொதித்துக் கிடந்தது. அங்கே ரேடியேட்டரைக் குறைக்கும் திருகு உடைந்து பல வருடமாயிற்றாம். அதனால் பனிக்காலத்திலும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, மேஜை மேல் ஒரு விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி பேச ஆரம்பித்தார்.

"நம்ம முன்னால இருக்கிற கேள்வி, அந்தக் கட்டடத்துக்குப் பழைய பாய்லருக்குப் பதிலா எந்த ஹீட் பம்பைத் தேர்ந்தெடுக்கிறது. இதுல அவசரம் கூடாது. ஏன் கூடாதுன்னு சொல்றேன். அவசரப்பட்டு சூடு குடுத்துட்டோம்னு வைங்க, நாளைக்கே ஒருத்தன் வந்து, ஏன் இந்தக் கம்பெனி, ஏன் அந்த சைஸ்னு கேப்பான். பதில் சொல்லணும். குடுக்காம இருந்தா அந்தத் தொல்லையே இல்ல. குளிருதுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. அதுக்கு நாம பதில் சொல்ல வேண்டியதில்ல, அது இயற்கை."

எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரரும் ஆட்டினார். வியர்வையில் அவருடைய கம்பளிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த வாரத்தில் முதல்முறையாக அவருக்கு விரல்கள் மடங்கின.

ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். சாதனம் எப்படி வேலை செய்யும் என்று அவர் விளக்கினார். "ஃபிரிட்ஜ் என்ன பண்ணுது? உள்ள இருக்கிற சூட்ட எடுத்து பின்பக்கமா வெளிய விடுது. இது அதையே மாத்திப் பண்ணும். வெளியில இருக்கிற காத்துலேர்ந்து சூட்ட எடுத்து, குழாய்ல ஓடுற தண்ணிக்குள்ள விடும். அந்தத் தண்ணி ரேடியேட்டருக்கு வரும். வெளிய எவ்வளவு குளிரா இருந்தாலும் காத்துல கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்."

கண்ணாடிக்காரருக்கு இது நன்றாகவே புரிந்தது. தலைவருக்கு இன்னும் ஆழமாகப் புரிந்துவிட்டது.

"வெளியில ஏற்கெனவே குளிர். அதுல இருக்கிற கொஞ்ச சூட்டையும் நாம எடுத்துட்டா, வெளியில இன்னும் குளிருமே? அது யார் பொறுப்பு? அந்தக் காத்து யாருது?"

விசிறி மட்டும் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தது. ஆலோசகர் வியந்துபோய், "இந்தக் கோணத்துல யாருமே யோசிக்கல சார்" என்றார். அது உண்மைதான்.

அன்றைக்கு நிறைவேறிய ஒரே தீர்மானம், காற்று யாருடையது என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்பது. நகராட்சி பதில் எழுதியது: நின்றுகொண்டிருக்கும் காற்று எங்களுடையது, நகரும் காற்று வானிலைத் துறையுடையது. சாதனத்தின் விசிறி நின்ற காற்றை நகர்த்துவதால், இரண்டு துறைகளும் சேர்ந்து தடையில்லாச் சான்று தர வேண்டும் என்று ஆயிற்று. இரண்டு துறைகளும் எங்கே சந்திப்பது என்பதில் இழுபறி நடந்தது.

அடுத்த கூட்டத்தில் கண்ணாடிக்காரர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டார். "எப்ப சார் வரும்?"

"எது?"

"சூடு."

பெண்கள் இருக்கும் இடத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்டதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் குடியேறியிருந்தார்கள். அடுப்பு எரிந்தால் அங்கே கொஞ்சம் இதமாக இருக்கும். மனைவி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, அப்பாவின் காலுக்கு இரண்டு, மடிக்கு ஒன்று என்று கொடுப்பாள். மாமனார் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு, காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பைச் சத்தமாகப் படிப்பார். படிக்கும்போது அவர் வாயிலிருந்து ஆவி வரும்.

"கேளுங்க மாப்பிள்ளை, கேளுங்க. 'நின்ற நிலையிலும் நகரும் நிலையிலும் உள்ள காற்றின் உரிமை குறித்து.' ஆஹா! ஒரு இடத்துலயாவது ஓட்டை இருக்கா பாருங்க."

"அப்பா, உங்க உதடு நீலமா இருக்கு" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா. வேலை நடந்துட்டு இருக்கு."

கமிட்டிக்கு ஒலி அதிகாரி என்று ஒருவர் வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். ஹீட் பம்பின் வெளி யூனிட், ஃபேன் ஓடுவதால், கொஞ்சம் உறுமும். எதிர்க் கட்டடத்து ஜன்னலுக்கு அது கேட்குமா என்று பார்க்க வேண்டும். சாதனத்தை இன்னும் தேர்ந்தெடுக்காததால், அதே அளவில் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, வெள்ளை பெயின்ட் அடித்து, முன்பக்கம் ஜன்னல் வலை போட்டு முற்றத்தில் வைத்தார்கள். அதைப் பற்றி அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள்.

சத்தம் தாங்க முடியவில்லை என்று உடனே ஒரு புகார் வந்தது.

புகார் கொடுத்தவர் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் டைப்பிஸ்ட் அம்மாள். ஒலி அதிகாரி கருவிகளோடு வந்து, மண்டி போட்டு, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்றார்.

"சார், இது வெறும் பெட்டிதானே?"

"பெட்டியா இல்லையாங்கிறது என் பிரிவு இல்ல. என் பிரிவு சத்தம்" என்ற அதிகாரி, சட்டென்று விரலை உதட்டில் வைத்தார். பெட்டிக்குள் மெல்லிசாக ஏதோ கேட்டது. கண்ணாடிக்காரர் குனிந்து வலை வழியாகப் பார்த்தார். ஒரு சாம்பல் நிறப் பூனை, யாரோ போட்ட பழைய துணியின் மேல், குட்டிகளோடு படுத்திருந்தது.

அதிகாரி அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெகு கீழே இருந்தது. "என் சர்வீஸ்ல இவ்வளவு அமைதியான யூனிட்ட நான் பாத்ததில்ல" என்று எழுதினார். கூடவே வந்திருந்த ஆலோசகர், வந்ததற்கு ஏதாவது செய்வோமே என்று வலைக்குள் தெர்மாமீட்டரை விட்டார். பூனையின் வயிற்றில் பட்டதோ என்னமோ, அவர் முகம் மாறியது. வெளியே உறைபனி, பெட்டிக்குள் நல்ல கதகதப்பு.

இப்படியாக அடுத்த கூட்டத்தில் மூன்று கம்பெனிகளின் சாதனங்களோடு நான்காவதாகப் பெட்டியும் பரிசீலனைக்கு வந்தது.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றே விட்டார். "சார், அதுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு சார்!"

தலைவர் பொறுமையாகக் காகிதங்களைப் புரட்டினார். "பூனை டெண்டர்ல இல்ல."

"அதனாலதான் சார் சூடா இருக்கு."

ஆலோசகர் கையை உயர்த்தினார். "ஒரு சாதனம் உள்ளுக்குள்ள எப்படி சூடு பண்ணுதுங்கிறது தயாரிப்பாளரோட தொழில் ரகசியம். அத நாம கேக்கறது நாகரிகம் இல்ல."

கட்டடத்தில் இருந்தவர்கள் இதற்குள் ஒவ்வொருவராகக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். முதலில் கைக்குழந்தைக்காரர்கள், அப்புறம் மூட்டுவலிக்காரர்கள், அப்புறம் போக ஒரு இடம் இருந்தவர்கள். படிக்கட்டில் தினமும் மெத்தைகள் இறங்கின. கமிட்டியில் இது வேறு மாதிரி தெரிந்தது. ஆலோசகர் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். குச்சியால் காட்டினார். கோடு சரிந்துகொண்டே போயிற்று.

"ஹீட் பம்பை எப்படித் தேர்ந்தெடுக்கணும்? கட்டடத்துக்கு எவ்வளவு சூடு தேவையோ அதப் பாத்துத்தான். தேவைக்குப் பெருசா வாங்கினா வீண். பாருங்க, நாம வேலைய ஆரம்பிச்சப்ப தேவை இங்க இருந்தது. இப்ப இங்க வந்திருக்கு. ஒரு குழாயத் தொடல, ஒரு ஜன்னல மாத்தல. வெறும் கூட்டம் நடத்தியே தேவையைக் குறைச்சிருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வையாகவும் இருக்கலாம். "இதே வேகத்துல போனா, நாம முடிவெடுக்கிறதுக்குள்ள முடிவே தேவைப்படாது" என்றார்.

அன்று மாலை மனைவி ஒரு சின்ன மின்சார ஹீட்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். "உங்க கமிட்டி எக்கேடு கெட்டுப் போகட்டும். எங்கப்பா ராத்திரியெல்லாம் இருமறார்" என்று அதை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டாள். கம்பி சிவந்தது. மாமனார் உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மூன்று பேரும் போர்வைக்கு வெளியே முகம் தெரியத் தூங்கினார்கள்.

அந்த வாரமே கதவு தட்டப்பட்டது. ஒலி அதிகாரிதான். அனுமதி பெறாத வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் பிரிவும் அவருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

"உங்க ஜன்னல் கண்ணாடியில பனி உருகியிருக்கு. வெளியிலிருந்தே தெரியுது" என்றார் வருத்தமாக. "கட்டடத்தோட அடிப்படைக் குளிர அளந்துட்டு இருக்கோம். நீங்க இப்படி நடுவுல சூடு பண்ணினா கணக்கு எப்படிங்க வரும்? மத்தவங்க எவ்வளவு ஒழுங்கா விறைச்சுட்டு இருக்காங்க!"

"மத்தவங்க யாரும் இல்ல சார். ஓடிட்டாங்க" என்றாள் மனைவி.

"அதான் சொல்றேன். அவங்களால ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் நாற்காலியை ஹீட்டருக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, காலை நீட்டி, பறிமுதல் அறிக்கை எழுத ஆரம்பித்தார். அவசரமே படவில்லை. ஒரு பக்கம் உடம்பு சூடானதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறு பக்கத்தைக் காட்டினார். டீ கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நானும் குடும்பஸ்தன்தாம்மா. எனக்குத் தெரியாதா குளிர்னா என்னன்னு? எங்க ஆபீஸ்லயே பாருங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தா காத்து பிச்சுட்டுப் போகுது."

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் மாமனார் போர்வைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். அறிக்கையை முழுக்கப் படித்தார். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினார். ஓய்வுபெற்ற பதவியையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி சூடு ஆறும்வரை காத்திருந்து, ஹீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடிக்காரர் வாசலில் நின்றுகொண்டேயிருந்தார். தடுத்திருக்கலாம். கதவை மறித்திருக்கலாம். வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டிருந்தார். மனைவி அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாமனாருக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லி, மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். மகள் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். அந்த வார்டு வெதுவெதுப்பாக இருந்தது. முதல் இரண்டு நாள் அவருக்கு நினைவே சரியாக இல்லை. "குறிப்பு வந்துச்சா? குறிப்பு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, முதல்ல மூச்ச விடுங்க" என்று அவள் அவர் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டடத்தில் கண்ணாடிக்காரர் மட்டும் தனியாக இருந்தார். படிக்கட்டில் ஏறினால் அவர் காலடியே அவருக்கு முன்னால் போய் மேல்மாடியில் திரும்பி வந்தது. பூனைகூட ஒரு நாள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக ரோட்டைக் கடந்து, டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது.

இறுதிக் கூட்டத்துக்குப் போனபோது அவருக்குக் குரல் கட்டியிருந்தது. இன்றைக்குக் கத்திவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருந்தார்.

ஆலோசகர் நேராக விஷயத்துக்கு வந்தார். "மூணு கம்பெனி மெஷினும் இந்தக் கட்டடத்துக்குத் தேவையில்லாத அளவு பெருசு. ஏன்னா இப்போதைக்கு அங்க ஒரே ஒருத்தர்தான் இருக்கார். அதனால நாலாவது, பெட்டி. ஆனா அதோட வெப்பம் திடீர்னு விழுந்துடுச்சு, காரணம் தெரியல. அடுத்தது மின்சாரம். நல்ல ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூணு நாலு பங்கு சூடு குடுக்கும். பெட்டிக்கு மேல சூடும் பூஜ்யம், கீழ மின்சாரமும் பூஜ்யம். கணக்கு நிக்கல. அப்பதான் எனக்கு ஒண்ணு தோணிச்சு."

அவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"ஒரு மனுஷன் சும்மா உக்காந்திருந்தாலே ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு சூடு விடுவான். இது விஞ்ஞானம். இவர் மின்சாரமே எடுக்கிறதில்ல. சூட்டப் பூஜ்யத்தால வகுத்தா முடிவில்லாத திறன் வருது! உலகத்துல எந்த மெஷினுக்கும் இது கிடையாது. சத்தம்?"

"கூட்டத்துல நாலு தடவைதான் வாயத் திறந்திருக்கார்" என்றார் ஒலி அதிகாரி. "பெட்டிய விடக் கொஞ்சம் அதிகம், ஆனா வரம்புக்குள்ள."

"எல்லாத்துக்கும் மேல, ஏற்கெனவே கட்டடத்துலயே பொருத்தியாச்சு. நிறுவுற வேலையும் இல்ல."

கண்ணாடிக்காரர் தலைவரைப் பார்த்தார். இது விளையாட்டு என்று அந்த முகம் ஒரு துளி காட்டிக்கொடுத்திருந்தால் போதும், அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். தலைவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு" என்றார் தலைவர். "இவர் கமிட்டி உறுப்பினர். தன்னையே தேர்ந்தெடுக்கிறதுல ஓட்டுப் போட முடியாது. நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல? தம்பி, கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா?"

அவர் வெளியில் போய் நின்றார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கதவுக்கு உள்ளே கைதட்டல் கேட்டது. திரும்ப அழைத்தார்கள். தலைவர் எழுந்து வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"வாழ்த்துக்கள்! ஏகமனதா தேர்வாயிருக்கீங்க. ஜன்னல் பக்கம் நிக்காதீங்க, சூடு வீணாகும். காய்ச்சல் வராம பாத்துக்குங்க, திறன் அளவ மீறக்கூடாது. பனிக்காலம் முடியிற வரைக்கும் வளாகத்த விட்டு வெளிய போகக் கூடாது."

"எங்க மாமனார் ஆஸ்பத்திரியில இருக்கார்" என்றார் கண்ணாடிக்காரர். கத்த வேண்டும் என்று வைத்திருந்த மூச்சில் அவ்வளவுதான் வந்தது.

"அப்படியா? அப்போ உங்க வீட்டுலயே தேவை குறைஞ்சிருக்கே" என்றார் தலைவர் மகிழ்ச்சியோடு.

கண்ணாடிக்காரர் கையை உருவிக்கொண்டார். பலமாக உருவினார்; தலைவர் ஒரு அடி தள்ளாடினார். வாசலில் ஒலி அதிகாரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் அவரை நகரச் சொல்லிக் கேட்கவில்லை. நாற்காலியை அதிகாரியோடு சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். வார்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியதை எடுத்தபோது, "அக்கா வீட்டுக்குப் போயிடலாம். இன்னைக்கே" என்றாள்.

அக்கா வீடு சின்னது. இரண்டே அறை, அவளுக்கு மூன்று பிள்ளைகள். யார் கால் யார் மேல் இருக்கிறதென்று தெரியாமல்தான் தூங்க வேண்டும். ஆனால் ரேடியேட்டரில் துணி காய்ந்தது. மாமனாரை டிஸ்சார்ஜ் செய்து நேரே அங்கே கூட்டிவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். நடந்ததையெல்லாம் மகள் அவருக்குச் சொன்னாள். வழக்கமாக நடுவில் ஏதாவது விதியை எடுத்துச் சொல்கிறவர், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பனிக்காலம் முடியும் முன்பே வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாரியத்தில் சேவை செய்த மூத்தவர் என்ற மரியாதையில் மாமனார் பெயருக்கே அனுப்பியிருந்தார்கள். கட்டடத்தில் நிறுவப்பட்டிருந்த வெப்பச் சாதனம் முன் அனுமதியின்றி அகற்றப்பட்டிருப்பதாகவும், தங்கள் பொறுப்பில் உள்ள அச்சாதனத்தை நல்ல நிலையில் மீண்டும் அதே இடத்தில் சேர்ப்பிக்குமாறும், தவறினால் மேற்படி சாதனத்தின் மீதும் மேற்படி தங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. பிழையே இல்லாத கடிதம்.

மாமனார் அதை இரண்டு தடவை படித்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஹா என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

"ஒரு பேப்பர் குடும்மா" என்றார்.

வாழ்நாளில் அவர் இரண்டு பக்கத்துக்குக் குறைந்து எந்தப் பதிலும் எழுதியவரல்ல. பார்வையில் காணும் கடிதத்தின்படி என்று தொடங்காமல் அவருக்குப் பேனாவில் மை இறங்காது. அன்றைக்குக் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, மூன்றே வார்த்தை எழுதி, பதவியை விட்டு வெறும் பெயரை மட்டும் கையெழுத்தாகப் போட்டார்.

என் மாப்பிள்ளை வரமாட்டார்.

மடித்துக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார். "தபால்ல சேத்துட்டு வாங்க. கோட்டப் போட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை, வெளியில குளிருது."